மருந்துக்கு ஒரு பாட்டில்

பீர் குடிப்பதற்கு மணிவேலிடம் எப்போதும் ஒரு காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் அது உடம்புச் சூடு. "திருவண்ணாமலை வெயிலுக்கு உள்ள குளிர்ச்சியா ஏதாவது எறங்கணும் ரேவதி, இல்லன்னா கண்ணு பொங்கிடும்" என்பான். பகலெல்லாம் மலைப்பாறை குடித்த வெயிலை ராத்திரி முழுக்கக் கக்கும் ஊரில் அந்தக் காரணம் சில வருஷங்களுக்குத் தாங்கியது. அப்புறம் செய்தித்தாளின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் மருத்துவப் பக்கம் போட ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து ரேவதியின் ஞாயிற்றுக்கிழமைகள் நாசமாயின.

அவள் அடுப்படியில் கறி கழுவிக்கொண்டிருப்பாள். அவன் லுங்கியும் பனியனுமாக வாசற்படியில் சாய்ந்துகொண்டு, பாடம் ஒப்பிக்கும் பையனைப்போல உரக்க வாசிப்பான்.

"இருதயத்துக்கு நல்லதாம். எலும்புக்கு பலமாம். கிட்னியில கல்லு இருந்தா கரைச்சிடுமாம்."

"யார் சொன்னது?"

"ஆராய்ச்சியாளர்கள்னு போட்டிருக்கான்."

"எந்த ஊரு ஆராய்ச்சியாளர்?"

"வெளிநாடு."

"'அளவோடு'ன்னு கடைசியில போட்டிருப்பானே, அதையும் படிங்க."

மணிவேல் தாளை மடித்துவிடுவான். அந்தக் கட்டுரைகளில் 'அளவோடு' என்கிற சொல் எப்போதும் கடைசி வரியில்தான் வரும். அவன் வாசிப்பும் எப்போதும் அதற்கு முந்தின வரியோடு நின்றுவிடும்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு பிரிவில் அவன் உதவியாளர். ரேவதி பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். புதிதாக வீட்டுமனை போட்ட பகுதியில் சொந்தமாக வீடு கட்டியிருந்தார்கள். மணிவேல் கெட்டவன் இல்லை. அடிக்க மாட்டான், அடுத்த வீட்டை எட்டிப் பார்க்க மாட்டான். குடிக்கிறவன் குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குடித்திருந்தால் அவளும் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பாள். உடம்புக்கு நல்லதென்று சொல்லிக் குடித்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஒருமுறை செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துப் பக்கம் அறைகள் வாடகைக்கு விடும் நண்பன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தான். அங்கே தங்கியிருந்த ஜெர்மன்காரர் ஒருவர் தன் ஊரில் பீரைத் திரவ ரொட்டி என்று சொல்வார்கள் என்றாராம்.

"அந்த ஆளு இப்ப இங்க என்ன சாப்பிடறாரு?" என்று ரேவதி கேட்டாள்.

"கீரையும் களியும். வெறுங்கால்ல மலை சுத்தறாரு."

"அந்த ரொட்டி வேணாம்னுதான அவ்ளோ தூரத்துல இருந்து இங்க ஓடிவந்திருக்காரு? நீங்க அத இங்க தேடறீங்க."

மணிவேல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அன்று சாயங்காலம் திரவ ரொட்டி ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தான்.

ரேவதிக்கு ஆண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் இருந்தது. அது அவள் அப்பா ஆதிமூலம். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அவருக்குக் கிணற்றோடு கொஞ்சம் நிலம். ரோட்டோரம் பௌர்ணமிதோறும் மோர்ப்பந்தல் போடுவார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. மோர் வாங்கக் கை நீட்டுபவன் வாயில் சாராய வாடை லேசாக வீசினாலும் கண்டுபிடித்துவிடுவார். "போய்யா அந்தாண்ட. குட்ச்சிட்டு வந்து சாமிய சுத்தறியா?" என்று அவர் போடும் சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்க்கும். அந்த அதட்டலைக் கேட்டு வளர்ந்தவள் ரேவதி. அதில் அவளுக்குப் பெருமை இருந்தது.

அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவன் அவள் அண்ணன் தருமன். தொண்ணூறாம் வருஷம், கூட்டாளி ஒருவன் கல்யாணத்தில் நாலு பேர் நீட்டிய பீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். தள்ளாடவில்லை, உளறவில்லை. வாடை மட்டும்தான். ஆதிமூலம் அவன் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தெருவில் போட்டார். "எனக்குப் புள்ள இல்ல" என்று ஊர் கேட்கச் சொன்னார். தருமன் ஓசூருக்குப் போய் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். மூன்று வருஷம் கழித்து அம்மா சந்திரம்மாள் செத்தபோது ஓடிவந்தான். சுடுகாட்டில் ஆதிமூலம் கையை நீட்டி அவனைத் தடுத்தார். "குடிகாரன் கையால அவளுக்குக் கொள்ளி வேணாம்" என்றார். பங்காளி மகன் ஒருவன் கொள்ளி வைத்தான். தருமன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, தலைமுழுகக்கூட வீட்டுக்கு வராமல் பஸ் ஏறினான். ஆதிமூலத்துக்குக் கல் மனசு என்று ஊர் சொன்னது. ரேவதி அழுதாள். ஆனாலும் அதைக் கல் மனசு என்று நினைக்கவில்லை, கொள்கை என்று நினைத்தாள். மணிவேலோடு குடித்தனம் பண்ணப் பண்ண அந்த நினைப்பு இன்னும் உறுதியானது.

இரண்டாயிரத்து இரண்டு சித்திரையில், அறுபத்தெட்டு வயசு ஆதிமூலம் கரும்புக் கொல்லையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். விலாவிலிருந்து அடிவயிறுவரை குத்தும் வலி. ரேவதி அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து டவுனில் ஸ்கேன் எடுத்தாள். சிறுநீரகக் குழாயில் கல்.

டாக்டர் அன்புச்செல்வி முப்பத்தைந்து வயசுக்காரி. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சின்னக் கல்லுதாங்க ஐயா. தானா வெளிய வந்துடும். வலிக்கு மாத்திரை தரேன். நல்லா தண்ணி குடிங்க. ஜாஸ்தியா குடிக்கணும்" என்றார்.

மணிவேலின் முகம் பிரகாசமானது. வெளியே வந்து ஆட்டோவுக்குக் கை காட்டும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"டாக்டரே தண்ணி போடச் சொல்லிட்டாங்க பாத்தீங்களா மாமா?"

"வாய மூடுங்க" என்றாள் ரேவதி. ஆதிமூலம் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். எச்சிலைக் காறித் தரையில் துப்பினார். ரேவதிக்கு மனசு குளிர்ந்தது.

அவளுக்கு அப்போது பரீட்சை வேலை. லீவு கிடையாது. மணிவேல் தானாகவே முன்வந்து ஆபீசுக்கு மெடிக்கல் லீவு போட்டான். "மாமாவ நான் பாத்துக்கறேன், நீ போ" என்றான். கல்யாணமாகி முதல்முறையாக அவன்மேல் அவளுக்கு ஒரு மரியாதை வந்தது. அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

அன்று அவள் பள்ளியிலிருந்து வந்தபோது ஆதிமூலம் கூடத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வலி நின்று தெளிந்திருந்தது. மடித்த காகிதத்தைப் பிரித்து நீட்டினார். உடைத்த மிளகில் பாதி அளவுக்குப் பழுப்பாக ஒரு துணுக்கு.

"வந்துட்ச்சும்மா! காலையில சுருக்குன்னு ஒரு வலி. அப்புறம் பாத்தா, இந்தா!"

"அப்பா!" என்று அவள் குனிந்தாள். அப்போது அந்த வாடை அடித்தது. மணிவேல்தான் என்று திரும்பிப் பார்த்தாள். அவன் எட்டத்தில், ஜன்னலோரம் நின்றிருந்தான். ஆதிமூலம் சிரித்தார். அந்தச் சிரிப்போடு சேர்ந்துதான் வாடை வந்தது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்களா அப்பா?"

"இத பாரும்மா, தப்பா நெனச்சிக்காத. வலி உசுரு போவுது. மாப்பிள்ள பேப்பர்ல படிச்சிக் காட்னாரு. ஆஸ்பத்திரியில பார்லித் தண்ணி குடுக்கறாங்க இல்ல? இதுவும் பார்லிதானாம். மூக்கப் புடிச்சிக்கினு மருந்தாத்தான் குடிச்சேன்."

"டாக்டர் குடுத்த மாத்திரை? குடம் குடமா குடிச்ச தண்ணி? அதெல்லாம் கல்ல எறக்கலியா?"

"அதுவும் சும்மா ஒரு ஒத்தாசைக்கு" என்றார் ஆதிமூலம்.

மணிவேல் ஜெயித்தவன் மாதிரி நின்றிருந்தான். ரேவதி போய் முகம் கழுவிக்கொண்டு சோறு வடித்தாள். கல்தான் வெளியே வந்துவிட்டதே, இதோடு போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அதோடு போகவில்லை. மறுநாளும் கறுப்புப் பையில் பீர் பாட்டில் வந்தது.

"கல்லுதான் வந்துட்ச்சேப்பா, இன்னும் எதுக்கு?"

"கல்லு இருந்த எடத்துல மண்ணு இருக்காதா?" என்று ஆதிமூலம் திருப்பிக் கேட்டார். மண்ணைக் கரைக்க ஒரு வாரம். அப்புறம் தூக்கத்துக்கு. அப்புறம் பசிக்கு. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, நுரை அடங்கும்வரை பயபக்தியோடு காத்திருந்து, மாமனும் மருமகனும் வறுத்த மல்லாட்டைக் கடலையைக் கொறித்தபடி ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசினார்கள். முப்பது வருஷமாக ஊருக்கே சுத்தம் சொன்ன அதே கம்பீரக் குரலில் இப்போது பீரின் மகிமை ஒலித்தது. அந்தக் குரலில் ஒரு நடுக்கம், ஒரு கூச்சம் வேண்டுமே என்று ரேவதி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் இல்லை. எதைச் சொன்னாலும் அடித்துச் சொல்வதுதான் அவர் பழக்கம் போலிருக்கிறது, சொல்வது எதுவாயிருந்தால் என்ன என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் முட்டிவலியோடு கறிவேப்பிலை வாங்க வந்தாள். ஆதிமூலம் அவளையும் விடவில்லை.

"அரை டம்ளரு போதும்மா. எலும்பு இரும்பாயிடும்."

பச்சையம்மாள் புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டாள். "எங்கூட்டுக்காரரு இந்த மருந்த வுடாம சாப்ட்டுத்தாங்க போய்ச் சேர்ந்தாரு. எனக்கு முட்டிவலியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலைகூட வாங்காமல் போனாள்.

அன்று ரேவதி அடக்கியதெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"அண்ணன் குடிச்சா சாராயம், நீங்க குடிச்சா மருந்தாப்பா?"

ஆதிமூலம் கொஞ்சமும் தயங்கவில்லை. "அவன் ஆசைக்குக் குடிச்சான். நான் அவஸ்தைக்குக் குடிக்கறேன்."

"என்ன அவஸ்தை இப்ப உங்களுக்கு?"

"வயசானா தெரியும்" என்றார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

ஆனி மாசம் நிஜமான அவஸ்தை வந்தது. ஒருநாள் காலையில் அவரால் வலதுகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. கட்டைவிரல் கணு சிவந்து, தக்காளி போல வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே அலறினார். மறுபடியும் அன்புச்செல்வி. இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்.

"யூரிக் ஆசிட் ரொம்ப ஜாஸ்தியா இருக்குதே ஐயா. குடிக்கிற பழக்கம் உண்டுங்களா?"

"சிவ சிவா! எங்க வம்சத்துலயே கெடையாதும்மா" என்றார் ஆதிமூலம். நெற்றியில் திருநீறு பளிச்சென்றிருந்தது. மணிவேல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குள் அவர் என்ன பேசினாலும் ரேவதி பொறுத்திருப்பாள். இந்தப் பொய் அவளை அறுத்தது. மருந்து என்றால் டாக்டரிடம் சொல்ல என்ன பயம்?

"ரெண்டு மாசமா தினம் பீர் குடிக்கிறாரு மேடம். இவருதான் வாங்கித் தராரு. கல்லு கரையுமாம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பீரு யூரிக் ஆசிட்ட ஏத்தி விட்ரும். அது மூட்டுல சேந்தா இந்த மாதிரி வீங்கும். கிட்னியில சேந்தா திரும்பவும் கல்லு. நான் சொன்னது பச்சத் தண்ணிங்க ஐயா" என்றார். குரலில் கோபம் இல்லை. தினம் நாலு பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல்.

ஆட்டோவில் ஆதிமூலம் மகளோடு பேசவில்லை. மாப்பிள்ளையிடம் சொன்னார், "சின்னப் பொண்ணு. அதுக்கு இன்னா அனுபவம் இருக்குது."

"மேல்நாட்டு ஆராய்ச்சி இவங்களுக்கெல்லாம் லேட்டாத்தான் மாமா வரும்" என்றான் மணிவேல்.

மறுநாள் ரேவதி ஓசூருக்குப் போன் செய்தாள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அண்ணனோடு பேசுவாள், அப்பாவுக்குத் தெரியாமல்.

"அண்ணா, ஒரு தரம் வந்து அப்பாவப் பாத்துட்டுப் போ."

"செத்துட்டாரா?"

"இல்ல. பீர் குடிக்கிறாரு."

எதிர்முனையில் தருமன் சிரித்தான். அந்தச் சிரிப்பு நீண்டுகொண்டே போய் எங்கோ உடைந்தது. "ஞாயித்துக்கெழம வரேன்" என்று போனை வைத்தான்.

வந்தவனை ரேவதி வாசலிலேயே நின்று பார்த்தாள். முன்வழுக்கை விழுந்திருந்தது. கம்பெனியில் சூப்பர்வைசர். கையில் ஆப்பிள் பை. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கூடத்தில் ஆதிமூலம் வீங்கிய காலை ஸ்டூல்மேல் நீட்டியிருந்தார். பக்கத்தில் டம்ளர். மணிவேல் எழுந்து, "வாங்க மச்சான்" என்று இளித்தான்.

அப்பா எழ முயல்வார், கண் கலங்குவார், டம்ளரையாவது மறைப்பார் என்று ரேவதி எதிர்பார்த்தாள். ஆதிமூலம் மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இளைச்சிட்டியே. உக்காரு. புள்ளைங்க நல்லா இருக்குதா?"

"ஒரே பொண்ணு. நல்லா இருக்குது."

"வெயில்ல வந்திருக்க. மாப்பிள்ள, தருமனுக்கு ஒரு டம்ளரு எடுங்க."

ரேவதியின் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு அப்படியே நின்றது.

"எனக்கு வேணாம்" என்றான் தருமன். "நான் குடிக்கறதில்ல."

"அட, இது அந்தக் குடி இல்லடா. உடம்புக்கு நல்லது. இருதயம், எலும்பு, கல்லு, எல்லாத்துக்கும் கேக்கும். நானே குடிக்கறேன்னா பாத்துக்கயேன்." மகனுக்குப் பெரிய சலுகை கொடுப்பவர்போல அவர் டம்ளரை முன்னால் தள்ளினார். "அப்பன்கூட உக்காந்து குடிக்கறதுல தப்பில்ல."

"அன்னிக்கிக் குடிச்சதுதான்பா. அதுக்கப்புறம் நான் தொட்டதே இல்ல." தருமன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். அவன் குரல் உயரவில்லை. "ஒண்ணு கேக்கணும். அம்மாவுக்குக் கொள்ளி வெக்க வுடலியே. அது எதுக்குப்பா?"

மணிவேல் மல்லாட்டைத் தட்டை நகர்த்தி வைத்தான். ஆதிமூலம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அது முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னார்:

"அப்ப பேப்பர்ல இதெல்லாம் போடலியேடா."

தருமன் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பன்னிரண்டு வருஷம் இந்த மனுஷனுக்கா பயந்தோம், இவர் ஒரு வார்த்தை கூப்பிடமாட்டாரா என்றா ஏங்கினோம் என்று அவன் நினைப்பது ரேவதிக்கு வாய்விட்டுச் சொன்னது மாதிரிக் கேட்டது. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்தான். ஆப்பிள் பையை அவள் கையில் கொடுத்தான்.

"நல்லா குடிங்கப்பா" என்றான். அதில் குத்தல்கூட இல்லை. ரோட்டில் வழி கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல இருந்தது.

"சாப்ட்டுப் போ அண்ணா."

"வெளிய எங்கியாவது சாப்டலாம், வா."

ரேவதி அடுப்பை அணைத்தாள். உள்ளே போய் அப்பாவின் வேட்டி சட்டைகளைப் பையில் மடித்து வைத்துக் கூடத்தில் கொண்டுவந்து போட்டாள்.

"அப்பா, சாயங்காலம் உங்க ஊட்டுக்குப் போயிடுங்க. மாத்திரை இதுலயே இருக்கு. போட்டா போடுங்க, போடாட்டி போங்க." பிறகு மணிவேலைப் பார்த்தாள். "நீங்களும் கூடப் போங்க. லீவு போட்டுப் பாத்துக்கிட்டவரு, மிச்சத்தையும் பாத்துக்கங்க."

"கால் வீங்கினவர போய்..." என்று மணிவேல் ஆரம்பித்தான்.

"அதுக்கும் ஏதாவது பேப்பர்ல போட்டிருப்பான், தேடிப் படிங்க."

ஆதிமூலம் வாயைத் திறந்தார். மகள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவர் ஒரு பேச்சுக்குப் பதில் சொல்லாமல் விட்டதை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனாலும் அவளுக்கு அதில் ஒரு திருப்தியும் வரவில்லை. தருமனோடு படியிறங்கிப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் இருவரும் சாப்பிட்டார்கள். அம்மாவைப் பற்றி, அவனுடைய பெண்ணைப் பற்றி, பள்ளியைப் பற்றிப் பேசினார்கள். அப்பாவைப் பற்றிப் பேச இருவருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

மணிவேல் பத்து நாள்போல அடி அண்ணாமலையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். மாமனார் மேல் சலிப்பு ஒன்றும் இல்லை, சமைத்துப் போட அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான். ரேவதி சோறு போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இணைப்பைத் தனியாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டான். உரக்க வாசிக்க மட்டும் அவளெதிரில் வாய் வரவில்லை. ஆதிமூலம் கால் வலி பொறுக்காமல் ஒரு மாசம் பீரை நிறுத்துவார், வலி விட்டதும் உடம்பைத் தேற்றிக்கொள்ள மறுபடி ஆரம்பிப்பார் என்று ஊர்க்காரர்கள் வந்து சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டாள். பௌர்ணமிக்கு அவள் மலை சுற்றும்போது அடி அண்ணாமலை வந்தால் ரோட்டின் மறுபக்கமாக நடந்தாள்.

தை மாசம் தருமன் ஓசூரில் மகளுக்குக் காது குத்தினான். காது குத்து தாய்மாமன் வீட்டு வேலை என்று ரேவதி முறை பார்க்காமல் இரண்டு நாள் முன்னாலேயே போய் அத்தையாக நின்று எல்லா வேலையும் செய்தாள். மணிவேலைக் கூப்பிடவில்லை. விசேஷத்தன்று காலையில் ஆதிமூலத்திடமிருந்து போன் வந்தது. தருமன் பந்தலில் வாழை கட்டிக்கொண்டிருந்தான். ரேவதிதான் எடுத்தாள்.

"காது குத்துன்னு கேள்விப்பட்டேன். கார் அனுப்பச் சொல்லு, வரேன். கால மடக்கி பஸ்ல உக்கார முடியாது."

அவள் போனின் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் வழியாகத் தருமனிடம் சொன்னாள். அவன் வாழைமரத்துக் கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சைப் போட்டான்.

"ஓசூரு வழியா வர பெங்களூரு பஸ்ஸு முன்சீட்டுல கால நீட்ட எடம் இருக்கும்னு சொல்லு" என்றான்.

ரேவதி அதை அப்படியே சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். உள்ளே குழந்தை தலைக்குக் குளிக்க மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தது. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு அதைத் தூக்கப் போனாள்.